மூடியில் ஒட்டியவை

காசிமேட்டு மீன்பெட்டியில் கத்தரி.
தெர்மாகோலில் இன்னும் வஞ்சிர வாசம்.

இலையில் வெளுப்பாய் ஏதோ.
தட்டினேன்.
பறந்தால் வெள்ளை ஈ,
விரலில் ஒட்டினால் எண்ணூர்ச் சாம்பல்.
இரண்டும் நடந்தது.

ஈரமண்ணில் குதிக்கும் கறுப்புப் பொடிசு
கொசு இல்லையாம்,
தண்ணீரைக் குறைத்தால் போய்விடுமாம்,
எதிர்வீட்டு ஜெசிந்தா சொன்னாள்.
லாரி வராத வாரம்
அது தானாகப் போயிற்று.

மஞ்சள் பெயிண்ட் மூடியில்
விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டேன்.
காலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினேன்.
வெள்ளை ஈ நாற்பது வரை.
பெயர் தெரியாதவை ஆறு.
குளவி வேஷம் கட்டிய ஒன்று,
இறக்கை நாலில்லை, இரண்டே.
அதன் புழு அசுவினி தின்னும்.
நம்மாள்.

ஊக்கு முனையால் மெல்ல எடுத்தேன்.
ஒரு கால் எண்ணெயிலேயே நின்றுவிட்டது.
மீதி ஐந்தையும் தேய்த்துத் துடைத்தபடி
சாம்பல் இலைமேல் உட்கார்ந்திருக்கிறது.