ஏழாவது கலம்

மஞ்சக்குப்பம், எஸ்.பி. ஆபீஸ், அயல்நாட்டினர் பதிவுப் பிரிவு.
பிரிவு என்றால் நான், ஒரு இரும்பு பீரோ,
கால் ஆடும் மேசை, காலுக்கடியில் மடித்த பழைய கெஜட்.
தொண்ணூற்றிரண்டில், பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று
நெய்வேலி பஸ்ஸில் வந்து இறங்கினார்
வதீம் யெகோரவிச் ஸ்துபின்,
அனல்மின் நிலையத்துப் பழைய டர்பைனுக்கு வைத்தியர்.
தங்கும் அனுமதி முடிய ஒன்பது நாள்.

"வணக்கம் மேடம்" என்று
ஒரு முழம் கரும்பை மேசையில் வைத்தார்.
இது லஞ்சத்தில் சேர்த்தியா என்று ஏட்டு சிரித்தார்.

பெயர் எழுதினேன். தகப்பன் பெயர் எழுதினேன்.
பிறந்த ஊர் லெனின்கிராடு.
"அது செப்டம்பரோடு போச்சு மேடம். பழைய பேரே வந்துட்டுது."
அடித்தேன், திருத்தினேன், சுருக்கொப்பம் போட்டேன்.
ஏழாவது கலம்: நாடு.

சிவப்பு பாஸ்போர்ட் இருவருக்கும் நடுவில் கிடந்தது,
எழுதிக்கொடுத்தவர் செத்துப்போன
கடன் பத்திரம் மாதிரி.

டீ வந்தது.
சுடும் கிளாஸைக் கைக்குட்டையில் பிடித்தபடி சொன்னார்:
அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பண்ணைக் கணக்கில்
ஆள் என்று எழுதவில்லையாம், உயிர் என்று எழுதினார்களாம்.
குதிரை மூன்று, பசு ஆறு, உயிர் நாற்பத்தொன்று.
பிறகு ஜார் விடுதலை கொடுத்தான்.
நிலத்துக்குத் தவணை. அப்பன் கட்டியது போக
மிச்சத்தை மகன் கட்டினான்.
"வட்டியோட" என்றார், நம்மூர் தெரிந்தவர்போல.

குறிஞ்சிப்பாடியில் என் அப்பாவின் பாட்டன் படியாள்.
அவரை உயிர் என்றுகூட எவரும் எழுதி வைக்கவில்லை.
இதை நான் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அத்தை கூட்டுப்பண்ணைக்காரி. பாஸ்போர்ட் கிடையாது.
வெளிநாட்டுக்கு இல்லை மேடம், பக்கத்து டவுனுக்கு.
பண்ருட்டியிலிருந்து திருப்பாப்புலியூர் வர
தலையாரியிடம் சீட்டு வாங்குவதுபோல என்று
மனசுக்குள் மாற்றிப் புரிந்துகொண்டேன்.
எழுபத்துநாலில்தான் எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னார்கள்.
அத்தை எழுபதிலேயே போய்விட்டாள்,
அதற்கு யாரிடமும் சீட்டு வாங்காமல்.

அப்பாவைப் பற்றி அதிகம் பேசவில்லை.
முப்பத்தேழில் ஒரு ராத்திரி.
ஐம்பத்தாறில் ஒரு தாள்:
குற்றம் எதுவும் இல்லாமையால் வழக்கு முடிக்கப்பட்டது.
தட்டச்சில் ஒரு பிழை இல்லையாம்.
அம்மா அதை மாவு டப்பாவில் போட்டு வைத்தாள்,
முற்றுகைக் குளிரில் நாளுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் ரொட்டிக்குக்
கிழித்தது போக மிஞ்சிய அட்டையோடு.

என் தம்பி சுரங்கத்தில் தொழிற்சங்கக்காரன்.
அந்தக் கொடி இறங்கிய படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு
மூன்று நாள் சோறு தொடவில்லை என்றேன்.
"நான் சாப்பிட்டேன்" என்றார் வதீம்.
"எங்க வீட்டுல எதுக்காகவும் சாப்பாட்டை விடறதில்ல."

சரி, நாடு?
மெட்ராஸிலிருந்து சர்க்குலர் வரவில்லை.
"நெய்வேலின்னு போடுங்க" என்றார் விளையாட்டாக.
நெய்வேலிக்காரர்களே
ஊரைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு
மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள்.
ஏட்டு இந்த முறை சிரிக்கவில்லை.

பென்சில் எடுத்து, அழுத்தாமல் எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுந்தவர் ரசீது கேட்டார்.
கட்டணமே இல்லையே, ரசீது எதற்கு?
"வந்தேங்கறதுக்கு."

அரைத்தாள் கிழித்து, தேதி போட்டு,
ஸ்துபின் நேரில் வந்தார் என்று எழுதி,
அடுத்த வருஷம் நாங்களே எண்ணி ஒப்படைக்கப்போகும்
தென்னார்க்காடு மாவட்ட முத்திரையை
மையில் தோய்த்து
ஓங்கிக் குத்தினேன்.