பதினைந்துக்குப் பதினாலு

எட்டாம் முறையாகக் கேட்கிறார் எய்லர்ட்,
"நான் எப்படி இங்கே வந்தேன்?"
துறைமுகச் சரிவு, பனிக்கட்டி, பின்மண்டை.
"ஓ" என்கிறார்.
அவருக்கு ஒவ்வொரு தடவையும் சுடச்சுடச் செய்தி.
எனக்கு நாலு நிமிடத்துக்கு ஒன்று.

ஹாம்மர்ஃபெஸ்ட், டிசம்பர், காலை பதினொரு மணி.
ஜன்னலில் விடியவில்லை, ஜனவரி இருபது தாண்டும்வரை விடியாது.
சூரியன் வராத ஊரில் கிழமை கேட்பது
கொஞ்சம் அநியாயம்தான்.
"செவ்வாய்" என்கிறார்.
வியாழன்.
பதினைந்துக்குப் பதினாலு என்று எழுதுகிறேன்.

டார்ச் வெளிச்சத்தில் கண்மணிகள் இரண்டும்
ஒன்றுபோலச் சுருங்குகின்றன.
காதுக்குப் பின்னால் நீலம் இல்லை.
மூக்கில் நீர் இருக்கிறது; அது சளி.
வாந்தி ஒரே முறை, என் செருப்பின் மேல்.
விழுந்து ஆறு மணி நேரம் ஆகாததால்
ஒரு குழாய் ரத்தம் எடுத்தோம்.
மூளை நசுங்கினால் கசியும் புரதம் ஒன்று உண்டு,
அதன் அளவு சிறியதாக வந்தால் ஸ்கேன் தேவையில்லை.
சிறியதாகத்தான் வந்தது.

தம்பி இங்வால்ட் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.
திரைக்கு வெளியே வந்து கேட்டான்,
"விழுவதற்கு முன்னால் பேசினது ஞாபகம் வருமா?"
அடிக்கு முந்தைய நிமிடங்கள் பலருக்குத் திரும்புவதில்லை என்றேன்.
"படகை விற்றுவிட்டேன் என்று சொன்னேன், அவனைக் கேட்காமல் விற்றதை.
விருட்டென்று திரும்பினான். வழுக்கிவிட்டது."
தள்ளினாயா என்று கேட்பதும் என் வேலை.
கேட்டேன்.
இல்லை என்றான், என் கண்ணைப் பார்த்து.

படிவத்தில் படகுக்குக் கட்டம் இல்லை.
"இருபத்துநாலு மணி நேரம் உடனிருப்பவர்" என்று ஒன்று இருக்கிறது.
எய்லர்ட்டுக்கு இவனை விட்டால் ஆளில்லை.

மருந்தறையிலிருந்து திரும்பும்போது காதில் விழுந்தது,
தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறான்.
அண்ணன் கத்துகிறார், கட்டில் அதிர.
நாலு நிமிடம்.
"நான் எப்படி இங்கே வந்தேன்?"
தம்பி மறுபடி சொல்கிறான், இம்முறை கடனிலிருந்து தொடங்கி.
மறுபடி திட்டு.
மூன்றாம் முறை அண்ணன் கத்தவில்லை,
விலை எவ்வளவு என்றார்.
நான் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

இரண்டு மணிக்கு மூன்று சொற்கள் தந்தேன்:
எலுமிச்சை, சாவி, பலூன்.
ஐந்து நிமிடம் கழித்து மூன்றும் வந்தன.
கிழமையும் வந்தது, வியாழன்.
பதினைந்து.

தலைவலி ஏறினால், மறுபடி வாந்தி வந்தால்,
எழுப்பியும் எழாவிட்டால்,
பேச்சு குழறினால், உடனே கூட்டி வா.
பாராசிட்டமால் போதும், மது வேண்டாம்.
இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல வேலை.
இருட்டறையில் வாரக்கணக்கில் கிடத்துவது பழைய வைத்தியம்,
இந்த ஊரில் அதற்குத் தனி அறையும் வேண்டாம்.

எய்லர்ட் பூட்ஸுக்கு ஆணிப்பட்டை மாட்டினார்.
"படகுக்கு டீசல் ஊற்றினாயா?" என்றார் சாதாரணமாக.
இங்வால்ட் என்னைப் பார்த்தான்.

இனிச் சொன்னால் நிற்கும்.

கையுறையைக் கழற்றினான்.
நான் அடுத்த திரையை விலக்கினேன்.