ஏழு

பிப்ரவரியில், டுலூத்தில், கதவைத் திறந்துவைத்தால்
ஏரியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அதனால் காரை வெளியே உறையவிட்டு
அதன் இடத்தில் நாங்கள் நால்வர்.
ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர்.
பனி தள்ளும் இயந்திரத்தின் மேல்
பழைய கதவொன்று, அதுதான் மேசை.

ஆறு வியாழக்கிழமை, ஆறு சுருட்டு.
பட்டையை உருவி எறிந்துவிட்டு
காகித நாடாவில் எண் மட்டும் எழுதி ஒட்டியிருந்தான் ஆர்விட்.
'எந்த ஊர் என்று கேட்காதே, என்ன விலை என்று கேட்காதே.
பத்துக்கு எத்தனை, அதைச் சொல்.'
சொல்லக்கூட வேண்டாம். சீட்டில் எழுதி
காப்பி டப்பாவுக்குள் போட வேண்டும்.

டொய்வோ தாதுக் கப்பல்களில் முப்பது வருடம் சமைத்தவன்.
முதல் இழுப்பிலேயே கண்ணை மூடி
'ஈரக் குதிரை' என்பான்.
மார்னி ரொட்டிக் கடைக்காரி,
அவளுக்கு எல்லாம் அடுப்பிலிருந்தே வரும்:
கருகிய ஓரம், தேவதாரு விறகு,
உலர்ந்த திராட்சையின் தோல்.
தோல் மட்டும்தான், உள்ளே இருப்பது இல்லை என்று
கையைத் தூக்கித் திருத்துவாள்.
நான் தலையாட்டுவேன்.

நவம்பரில் படகுத்துறையில் வழுக்கி
பின்மண்டை அடிபட்டது எல்லோருக்கும் தெரியும்.
மூன்று தையல். தொட்டுக்கூடப் பார்த்தார்கள்.
தையல் பிரித்த அன்று காப்பி வெந்நீராக இருந்தது,
வெங்காயம் கடிபடுகிற தண்ணீர்,
பெட்ரோல் பங்க்கில் நின்றேன், ஒன்றுமில்லை,
என் சட்டையில் நானே இல்லை
என்பது யாருக்கும் தெரியாது.
முதல் வியாழன் சொல்லிவிடத்தான் போனேன்.
போவதற்குள் டொய்வோ
எனக்கும் சேர்த்து முனை வெட்டி வைத்திருந்தான்.

எனக்கென்று மிஞ்சியவை:
உதட்டில் சூடு. நாக்கில் ஒரு கசப்பு,
எல்லாச் சுருட்டுக்கும் அதே கசப்பு.
இழுக்கும்போது இலைக்குள் காற்று
வழி கேட்டுக் கேட்டு வருவது.
சாம்பல் எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்பது.
பிறகு அந்த மூன்று முகங்கள்.
ஏழு என்று எழுதினேன்.
ஏழு யாரையும் புண்படுத்தாது.
ஏழைக் கூப்பிட்டு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஆறாவது வியாழன் டப்பாவைக் கவிழ்த்தான் ஆர்விட்.
'இரண்டும் ஐந்தும் ஒன்றே' என்றான்.
'ஒரே பெட்டி. நெடுஞ்சாலைக் கடையில்,
ஒன்று இரண்டேகால் டாலர்.'
டொய்வோ இரண்டுக்கு ஒன்பது போட்டிருந்தான்,
ஐந்துக்கு நாலு, பக்கத்தில் 'நனைந்த அட்டை'.
மார்னி ஐந்தும் எட்டும்.
'வைத்தவன் நான். எனக்கே ஆறும் எட்டரையும்' என்று
ஆர்விட் தொடையில் அடித்துச் சிரித்தான்.
இரண்டுக்கும் ஒரே எண் போட்டவன்
நான் ஒருவன்.

மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.
என் மூக்கின்மேல் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.
இனி எந்தப் பெட்டியும்
வெண்டல் சொன்ன பிறகுதான் என்று தீர்மானம்.
டொய்வோ எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்,
அந்தக் குளிரில்.

மார்னி மட்டும் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
என் கையெழுத்தை, எண் வரிசையில்.
ஒன்று, மூன்று, நாலு, ஆறு.
கட்டைவிரல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்றது.
என்னைப் பார்த்தாள்.
எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு
மூடியை உள்ளங்கையால் அழுத்தினாள்.

அடுத்த வியாழன்
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
ஹீட்டருக்கு அருகே என்று சொன்னாள்.
ஹீட்டர் அந்தக் கோடியில் இருந்தது.
புதுச் சுருட்டு, புது எண்.
மற்ற இருவரும் யார் தோண்டிய பனி ஓட்டையில்
யார் மீன் பிடித்தது என்ற சண்டையில் இருக்க,
முகத்தைத் திருப்பாமல் வாய்க்குள்ளேயே ஆரம்பித்தாள்:
'மிளகு. கொஞ்சம்தான்.
பொறு. போய்விட்டது.
இப்போது மரம், மழையில் நனைந்த பலகை,
அதற்கடியில் ஏதோ இனிப்பு, பேர் தெரியவில்லை,
பொறு, வருகிறது...'

நான் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன்.
சாம்பல் ஓர் அங்குலம் நீண்டு
விழாமல் நின்றது.