முன் இடது மூலை

புதன்கிழமை காலை டிலோஷன் வந்தான்
வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு.
வாசலில் அவன் லான்சரும்
அதே மாதிரி நின்றது.

பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிய
சிவப்பு ஸ்பிரிங் நான்கு.
போன ஞாயிறு நான்தான் பூட்டினேன்.
மூன்று மூலை பதிந்து உட்கார்ந்தன.
முன் இடது மட்டும்
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமன் மாதிரி
உட்கார மாட்டேன் என்று நின்றது.

ஹப்பின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை
வலது முப்பத்து மூன்று
இடது முப்பத்தைந்து.
ரெண்டு சென்ரிமீற்றர்தானே, என்றேன்.
அவன் பேசவில்லை.
டயருக்கு மேலே கையை விட்டுக் காட்டினான்,
மோதிரத்தோடு போய்
மோதிரத்தோடு வந்தது.

கழற்றினேன்.
ஸ்பிரிங்கின் வால் நுனி
பள்ளத்தில் சரியாகத்தான் படுத்திருந்தது.
ரப்பர் சீட் மடங்கவில்லை.
இடதை வலதுக்கு மாற்றினேன், வலதை இடதுக்கு.
காற்று பார்த்தேன், நான்கிலும் முப்பது.
டிக்கியில் கிடந்த அரிசி மூட்டையை இறக்கினேன்.
இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, அளந்தேன்.
முப்பத்தைந்து.

மத்தியானம் மழை.
கராஜுக்குள் வந்த தண்ணீர்
யோசிக்காமல் நேரே ஓடியது
முன் இடது டயரைச் சுற்றிக்கொண்டு
கானுக்குள்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
அந்தத் தரைக்குக் கொங்கிரீட் போட்டதும் நான்தான்,
தண்ணீர் தேங்கக் கூடாதென்று
அந்த மூலையைத் தாழ்த்தியதும் நான்தான்.

பக்கத்து ஹாட்வெயார் முத்துமெனிக்கே
பத்து மீற்றர் கண்ணாடிக் குழாயை வெட்டித் தந்து
கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டு
மறு நுனியைத் தானே வந்து பிடித்தாள்.
குழாய் நிறையத் தண்ணீர்.
"மலையில வந்து மட்டம் தேடுறது,
நல்ல வேலைதான்" என்று சிரித்தாள்.
சிரித்ததில் தண்ணீர் ஆடியது.
அடங்கும்வரை மூன்று பேரும்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

நாலு சென்ரிமீற்றர் பள்ளம்.
அவள் கடைத் தரை ஓடுகளை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
டயரை மேலே ஏற்றினோம்.
ஒன்று வெடித்தது. அதையும் எழுதினாள்.

அளந்தேன். பாதிதான் குறைந்தது.
இன்னும் ஒரு சென்ரிமீற்றர்
எங்கேயோ பிடிவாதமாய்.

அப்போதுதான் நினைவு வந்தது
ஞாயிறு மாலை, கரண்ட் போய்விட்ட நேரம்,
டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
கார் ஜக்கில் நிற்கும்போதே,
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே
லோவர் ஆம் போல்ட்டை நான் இறுக்கியது.
தொங்கும்போது இறுக்கிய புஷ்
தொங்கியதையே நிலை என்று பிடித்துக்கொள்ளும்.
இறக்கிவிட்டாலும்
உள்ளே முறுகியபடி
காரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது சக்கரம் நிலத்தில்.
நான் மல்லாந்து, முதுகில் ஈரம்.
போல்ட்டை அரைச் சுற்று விட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு முனகல்,
என் மூக்குக்கு நேரே
முழுக் காரும் கொஞ்சம் இறங்கியது.
பயந்துபோய்க் கண்ணை மூடினேன், சொன்னால் என்ன.
டிலோஷனை முன்னும் பின்னும்
நாலு தரம் ஆட்டச் சொல்லி
பாரம் தாங்கி நிற்க வைத்தே
இறுக்கினேன்.

முப்பத்து மூன்றும் மூன்று மில்லிமீற்றரும்.
"அந்த மூன்று?" என்றான்.
ஏறி உட்கார், என்றேன்.
உட்கார்ந்தான். வலது பக்கம்தான் ஸ்டியரிங்,
மூன்று ஐந்தானது.
சாப்பாட்டைக் குறை, என்றேன்.
முத்துமெனிக்கே ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை தலவாக்கலைக்குப் போகும் வழியில்
கண்டேன் லான்சரை.
தோட்டத்து ரோட் பிரியும் இடத்தில்
கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது,
நாலு மூலையும் ஒன்றாய்,
தண்ணீர் நின்ற மாதிரி.
அதற்கு மேலே கல் ரோட். கார் அடி தட்டும்.
அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு
மேல் டிவிசனுக்கு
நடந்து ஏறிக்கொண்டிருந்தான் அவன்,
இடது தோள் கொஞ்சம் இறங்கி.

ஹோர்ன் அடித்தேன்.
திரும்பி, என்னைப் பார்க்கவில்லை,
காரைப் பார்த்தான்.