எழுபதிலிருந்து இருநூறு

கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ் என்னுடையது:
பதினெட்டு, ஐம்பத்தைந்து.
பதினெட்டில் மைதானம் முழுக்க உள்ளே வரும்,
செர்ரோ குன்று, கொடியில் காயும் பனியன்கள்,
எல்லைக்கோட்டில் தூங்கும் நாய்.
பையன்கள் மட்டும் கடுகு.
ஐம்பத்தைந்துக்குத் திருகினால்
கடுகு மிளகாகிறது, அவ்வளவுதான்.
கூடவே படம் இருட்டிக்கொள்கிறது.
ஜூலை, மாலை நான்கு மணி.
மொண்டேவிடியோவின் ஆற்றுக்காற்று வேறு.

"போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்."
"அது ஜூம் இல்லை, கத்தரிக்கோல்"
என்றாள் மிர்த்தா, கோல்கீப்பரின் அம்மா,
கக்கத்தில் மாத்தே பிளாஸ்க்கோடு.
தன் வெள்ளைக் குழலை என் கையில் வைத்தாள்.
பிறந்த குழந்தையின் கனம்.
"எவ்வளவு நீட்டினாலும் இதில் வெளிச்சம் குறையாது.
விலையை மட்டும் கேட்காதே."

கேட்கவில்லை.
இருநூறில் ரமிரோவைத் தேடினேன்.
பெஞ்சில் இருந்தான், மூன்றாவது ஞாயிறாக,
ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியபடி.

அப்போதுதான் கோல்.
தூரத்தில் ஏழெட்டுப் பேர் கட்டிப்பிடித்துக் குதிக்க
இவனும் பெஞ்சை விட்டு எழுந்து கையை உயர்த்தினான்.
அழுத்தினேன்.

நீள லென்ஸ் தூரத்தை மடித்துவிடும்,
துணியை மடிப்பதுபோல.
எனக்கு அது தெரியாது.
படத்தில் அவன் அவர்கள் நடுவில் நிற்கிறான்,
யாருடைய கையோ அவன் தோளில்.

வீட்டில் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இவ்வளவு பக்கத்திலா இருந்தேன்?"
"இல்லை. முப்பது மீட்டர்."
தலையாட்டினான்.
பிறகு,
பெரிதாக ஒரு பிரிண்ட் வேண்டும் என்றான்.