பன்னிரண்டு கதவு

ராயக்கோட்டை ரோட்டில் என் கடை.
இடித்த கட்டடச் சாமான் வாங்கி விற்பேன்.
ஓவியக் கூடம் ஏலத்துக்கு வந்தபோது
பன்னிரண்டு கதவு, ஒன்பது சன்னல்,
எல்லாம் தேக்கு என்று எழுதியிருந்தார்கள்.
பாதி வேம்பு.

சுரண்டச் சுரண்ட வருகிறது:
மேலே வெள்ளை, படங்கள் தொங்கிய காலம்.
அதன் கீழ் நீலம், ரேஷன் அரிசி.
அதற்கும் கீழே காவி.
காலரா வருஷத்தில் ஆஸ்பத்திரியாம்,
முனிரத்தினம் சொல்கிறான்,
அவனுக்கு யார் சொன்னார்களோ.
அடியில் ஒரு பச்சை.
அதைச் சொல்ல ஆளில்லை.

இருபது வருஷம் அந்த வாசல் வழியாகத்தான்
பஸ்ஸுக்கு ஓடினேன். உள்ளே போனதில்லை.
டிக்கெட் ரெண்டு ரூபாய்தான்.

ஜேசிபி முன்சுவரைத் தள்ளிய அன்று
பின்சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக வெளுப்பு,
படம் இருந்த இடமெல்லாம்.
சுற்றிலும் புகையழுக்கு.
கோட்டை மலையைத் தாண்டி வந்த வெயில்
நேராக அதன்மேல் விழுந்தது.
மாதேசன் வண்டியை நிறுத்திப் பீடி பற்றவைத்தான்.
பீடி தீரும்வரை
ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து நின்றேன்.
அப்புறம் அந்தச் சுவரும்.

நேற்று ஓசூர்க்காரர் வந்தார்.
ஆறு கதவுக்கு முன்பணம்.
“மரம் தெரியணும், பச்சையையும் எடுத்துடுங்க.”

நாளைக்கு என்றேன்.
இன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.