பதினோரு விநாடி

கட்டபெட்டு கிராம சபையில்
போஜன் பேசியது நாற்பது நிமிடம்:
பச்சைத் தேயிலை கிலோ பதினான்கு ரூபாய்,
பறிகூலி, உரம், லாரி வாடகை.

நடுவில்
ஜன்னல் வழியே மூக்கை நீட்டியது காட்டெருமை.
"சார், சார்!" என்று
அதைப் பார்த்தே கத்தி நாற்காலியில் ஏறினார்.
பதினோரு விநாடி.
யாரோ தவில் சேர்த்தார்கள்.

கூடலூர் பஸ்ஸில் ஓடியது,
குன்னூர் சலூனில் ஓடியது.
நானும் இரண்டு குரூப்புக்கு அனுப்பினேன்.

மனு வாங்கிய அதிகாரி
எங்கேயோ பார்த்த முகம் என்றார்.
பிறகு ஒரு செல்ஃபி.

அடுத்த சபை. மூடுபனி.
அவர் எழுமுன்னே
முப்பது போன்கள் எழுந்தன.
ஒருமுறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.
"பதினான்கு..." என்றார்.
சிரித்தோம்.

இலை பன்னிரண்டுக்கு இறங்கியது
மறுநாள் தராசடியில்தான்
தெரிந்தது.